சடைக்கு டை: வீட்டிலேயே ட்ரெட்ஸுக்கு நிறம் ஏற்ற நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏழு வருடமாகச் சடையோடு சென்னையில் சுற்றுகிறேன். பஸ்ஸில் பின்சீட்டில் இருப்பவர் தொட்டுப் பார்ப்பதும், "ஒரிஜினல் முடியா?" என்று கேட்பதும் பழகிவிட்டது. அதற்கு அடுத்த கேள்வி பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான். திருவான்மியூரில் வாடகை வீடு, போர் தண்ணீர், இரண்டு பக்கெட், ஒரு மக், இவ்வளவுதான் என் பார்லர். இதுவரை பர்கண்டி (அடர்ந்த ஒயின் சிவப்பு), செம்பு, நீலம் மூன்றும் அடித்திருக்கிறேன். நீலம் நீலமாக இருந்தது ஒன்பது நாள்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் ஊரில் ஜடை என்றால் பின்னல். நான் இங்கே சடை என்பது சிக்குப் பிடித்துத் திரண்ட ட்ரெட்ஸை. அதில் தனித்தனியாகத் தொங்கும் ஒவ்வொன்றையும் திரி என்கிறேன்.

கடையில் கிடைக்கும் சாதாரண ஹேர் டையே போதுமா?

போதும். சடையும் முடிதான், அதற்கென்று தனி டை கிடையாது. வேலைதான் வேறு. சீவுகிற முடி வைத்திருப்பவர் டை அடித்து, ஐந்து நிமிடத்தில் அலசி, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடுவார். நமக்கு அடிப்பது முக்கால் மணி நேரம், அலசுவது அதைவிட அதிகம், காய்வதற்கு முழு நாள். இந்தப் பக்கத்தில் பாதி தண்ணீரைப் பற்றியே இருக்கிறதே என்று கேட்காதீர்கள். சடைக்கு டை அடிப்பதில் பாதி வேலை அதுதான்.

டையின் பதம் மட்டும் முக்கியம். தண்ணீரில் குழைத்துப் பசை போலப் பூசும் பாக்கெட் பவுடர் டை சடைக்கு ஆகாது. திரிக்குள் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. டெவலப்பரோடு (பெராக்சைடு கலந்த திரவம்) கலக்கும் க்ரீம் டை வாங்கி, பாட்டிலில் இருந்து பீய்ச்சும் அளவுக்கு இளக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். டெவலப்பரே வேண்டாத, நேரடியாகப் பூசும் வண்ண டைகளும் உண்டு. அவை முடியின் மேல்பக்கத்தில் படிந்து சில வாரங்களில் கழுவிப் போகும். முடிக்குக் கெடுதல் குறைவு, சட்டைக்குக் கெடுதல் அதிகம்.

நிறம் திரியின் நடுவரைக்கும் போகுமா?

போகாது, போகவும் வேண்டாம். நம் எல்லோருக்கும் தினமும் ஐம்பது முதல் நூறு முடி உதிர்கிறது. மற்றவர்களுக்கு அது சீப்பில் வரும், நமக்குத் திரிக்குள்ளேயே தங்கிவிடும். அப்படி வருடக்கணக்கில் இறுகிய உள்பகுதிக்குள் டை சீராக இறங்காது. வெளிச்சுற்று மட்டும் நிறம் பிடித்தாலே பார்க்க நன்றாக இருக்கும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. டை அடித்த பிறகு க்ரோஷே ஊசி (நுனியில் கொக்கி உள்ள பின்னல் ஊசி) போட்டு இறுக்கினால் உள்ளே இருக்கும் கறுப்பு வெளியே வந்து திட்டுத் திட்டாகத் தெரியும். இறுக்குவது, உதிரி முடியை உள்ளே இழுப்பது எல்லாவற்றையும் இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். மண்டைத்தோல் ஆற அந்த இரண்டு வாரம் வேண்டும். ஊசி பட்ட கீறல் மேல் ப்ளீச், அதாவது முடியை வெளுக்கும் மருந்து, பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

சடை வைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இப்போதே அடிக்கலாமா?

பொறுங்கள். அம்மோனியா கலந்த டை முடியை உப்ப வைத்து அதன் செதில்களைத் திறக்கும். பிறகு அலசும்போது பிழிந்து பிழிந்து தண்ணீர் ஊற்றுவீர்கள். இளம் சடை இரண்டையும் தாங்காமல் பிரிந்துவிடும். ஆறு மாதமாவது போகட்டும், ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது. அவசரம் தாங்காவிட்டால் சடை போடுவதற்கு முன்பே, சீவுகிற முடியாக இருக்கும்போதே அடித்துவிடுங்கள். அதுதான் எல்லாவற்றையும் விடச் சுலபம். யாரும் அப்போது கேட்பதில்லை!

ப்ளீச் போடாமல் என்னென்ன நிறம் வரும்?

நம் கறுப்பு முடியில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 20 வால்யூம் டெவலப்பரோடு (வால்யூம் என்பது அதன் வீரியம், கணக்கைக் கீழே சொல்கிறேன்) பர்கண்டியோ, செம்பழுப்பான மஹாகனியோ அடித்தால் வீட்டுக்குள் கறுப்பாகவே இருக்கும், வெயிலில் நின்றால் சிவப்பு மின்னும். அடர்ந்த பழுப்பும் அப்படித்தான். எனக்கு இது பிடித்த நிலைதான். அலுவலகத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள், மெரினாவில் எல்லோரும் கவனிப்பார்கள்.

நீலம், பச்சை, ரோஸ், ஊதா எதுவும் கறுப்பின் மேல் தெரியாது. ஏற்கெனவே கறுப்பு டை அடித்த முடியாக இருந்தால் அதன் மேல் வெளிர்நிற டை அடித்தும் பயனில்லை. புது டை பழைய டையை வெளுக்காது. அதற்குப் பெரும்பாலும் ப்ளீச்தான் வழி.

அப்படியானால் ப்ளீச்சை வீட்டில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் முதல் முறை நுனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாத் திரியிலும் கீழே நான்கைந்து விரற்கடை மட்டும். கெட்டுப்போனால் வெட்டி எறியலாம், மண்டைத்தோலில் மருந்து படாது, முடி வளர வளர வேர்ப்பக்கம் கறுப்பு தெரிகிறதே என்ற கவலையும் இல்லை. தலையோடு ஒட்டிய அடிப்பகுதிதான் திரியின் முழு எடையையும் தாங்குகிறது. அங்கே முடி நைந்தால் நனைந்த திரி தன் எடையிலேயே அறுந்து விழும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இடது காதுக்கு மேலே இரண்டு திரி அப்படிப் போனது. குளிக்கும்போது கையோடு வந்துவிட்டதாம்.

டெவலப்பர் பாட்டிலில் போட்டிருக்கும் வால்யூம் கணக்கு இதுதான்: 10 என்றால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. கடைக்காரர் "சீக்கிரம் வெளுக்கணும்னா 40 எடுத்துக்கோங்க" என்பார். எடுக்காதீர்கள். 20 போதும். மெதுவாக வெளுத்தால் பார்த்து நிறுத்த நேரம் கிடைக்கும். சென்னை வெயிலே பாதி வேலையைச் செய்கிறது. மே மாதம் 40 டிகிரி வெயிலில் மொட்டை மாடியில் ஃபாயில் சுற்றிக்கொண்டு உட்காரும் வேலையும் வேண்டாம். சூடு ஏறினால் ப்ளீச் கட்டுக்கு அடங்காது. நிழலில், காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு திரியைத் துடைத்துப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

கறுப்பு முடி ஒரேயடியாக மஞ்சளாகாது. முதலில் செம்பழுப்பு, பிறகு செம்பு, பிறகு ஆரஞ்சு, அதற்கப்புறம்தான் மஞ்சள். பலர் ஆரஞ்சைப் பார்த்துப் பயந்து உடனே இன்னொரு சுற்று போடுகிறார்கள். சடை கெடுவது அந்த இரண்டாவது சுற்றில்தான். செம்பிலேயே நின்றுவிடுங்கள் என்பேன். சிவனுக்கே செஞ்சடையோன் என்றுதானே பெயர்? வேறு நிறம்தான் வேண்டும் என்றால் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு, முடி எப்படி இருக்கிறது என்று இழுத்துப் பார்த்து, அப்புறம் முடிவு செய்யுங்கள்.

என் நீலக் கதையும் இதுதான். மஞ்சள்கூட வராத ஆரஞ்சின் மேல் நீலம் அடித்தேன். முதல் வாரம் மயில் கழுத்து, இரண்டாவது வாரம் குளத்துப் பாசி.

வீட்டில் ப்ளீச்சிங் பவுடர் இருக்கிறதே?

அது சாக்கடைக்குப் போடுவது. குளோரின். தலைக்குப் போடும் ப்ளீச் பெர்சல்ஃபேட் உப்புகள், பெராக்சைடோடு கலப்பது. பெயர் மட்டும்தான் ஒன்று. முகத்துக்குப் போடும் ப்ளீச் க்ரீமும் இதற்கு ஆகாது.

கெமிக்கலே வேண்டாம். மருதாணியும் அவுரியும் போடலாமா?

கேட்க நன்றாக இருக்கும். மருதாணி நிறத்தில் எனக்கும் ஆசைதான். மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற பொருள் முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செந்நிறம் தரும். அதன் மேல் அவுரி (இண்டிகோ இலைத்தூள்) போட்டால் கறுப்புக்குப் போகும். சீவுகிற முடிக்கு இரண்டும் அருமை.

சடையில் பிரச்சினை நிறம் இல்லை, தூள். எவ்வளவு மெல்லிய துணியில் சலித்தாலும் அது இலைத்தூள்தான். குழைத்துப் பூசினால் திரிக்குள் போய் இறுகிவிடும். மூன்று மாதம் கழித்தும் தலையணையில் பச்சைப் பொடி உதிரும். சீப்பு போட்டு எடுக்கவும் முடியாது. சீயக்காய், அரப்பு இரண்டுக்கும் இதே கதை. பாட்டி வைத்தியம் என்று சடையில் அரப்பு தேய்த்தவர்கள் எல்லாம் பிறகு பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

மருதாணிதான் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. இலையையோ தூளையோ வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டி, அந்தச் சாற்றில் மட்டும் திரிகளை முக்கி வைக்கலாம். நிறம் வெளிறித்தான் வரும், மூன்று நான்கு தடவை செய்ய வேண்டியிருக்கும். ஆனால் தூள் தங்காது. மருதாணியும் அவுரியும் பாரிமுனைப் பக்கம் ராசப்பா செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கலப்பில்லாமல் கேட்டு வாங்குங்கள்.

"பிளாக் ஹென்னா", "கறுப்பு மெஹந்தி" என்று விற்பதில் ஏமாறாதீர்கள். மருதாணி தனியாகக் கறுப்பு தராது. கறுப்பு வருகிறது என்றால் அவுரி இருக்க வேண்டும், இல்லையென்றால் கெமிக்கல் டை. இலைப்படம் போட்ட பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். உலோக உப்பு கலந்த மருதாணி போட்ட முடியில் பிறகு ப்ளீச் வைத்தால் சூடேறி முடி பொசுங்கவும் கூடும். எப்போதாவது அப்படி ஒன்று போட்டிருந்தால் முதலில் ஒரே ஒரு திரியில் சோதித்துப் பாருங்கள்.

அலர்ஜி டெஸ்ட் அவசியமா? முன்பே டை அடித்திருக்கிறேனே.

அவசியம். முன்பு ஒன்றும் ஆகாதது இப்போதும் ஆகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அடர் நிற டைகளில் பெரும்பாலும் இருக்கும் பாரா பினைலின்டையமின், சுருக்கமாகப் பிபிடி, பழகப் பழக ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியது. பத்து முறை சும்மா இருந்துவிட்டுப் பதினோராவது முறை கண் இமை வீங்கும். திருவிழாவிலோ பீச்சிலோ கையில் கறுப்பு மெஹந்தி டிசைன் போட்டு அரிப்பு வந்த அனுபவம் இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும், அதிலும் இதே பொருள்தான் கலக்கிறார்கள்.

பெட்டியில் சொன்னபடி சொட்டு டை எடுத்துக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ தடவி 48 மணி நேரம் பாருங்கள். சடைக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். மற்றவர்களுக்கு எரிச்சல் வந்தால் ஷவரில் நின்று இரண்டு நிமிடத்தில் கழுவிவிடுவார்கள். நமக்குத் திரிக்குள் ஊறிய டை மணிக்கணக்கில் கசியும். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-க்கு அடியுங்கள். அந்த டையைத் திரும்பத் தொடவே கூடாது.

புருவத்துக்கும் கண் இமைக்கும் மீந்த டையைப் பூசுவது வேண்டவே வேண்டாம்.

எத்தனை பாக்கெட் வாங்க வேண்டும், எங்கே வாங்குவது?

இதே நீளத்துக்குச் சீவுகிற முடிக்கு எவ்வளவு ஆகுமோ அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. சடை ஸ்பாஞ்சு மாதிரி, குடித்துக்கொண்டே இருக்கும். பாதித் தலையில் டை தீர்ந்துபோய் கையுறையோடு தெருமுனைக் கடைக்கு ஓடியவன் நான். கடைக்காரர் சில்லறையை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் பின்வாங்கினார்.

பெட்டி டை எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். டெவலப்பர், ப்ளீச் பவுடர், வண்ண டை எல்லாம் தனித்தனியாக வேண்டும் என்றால் பார்லர் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். பாரிமுனையில் காசிச்செட்டி தெருப் பக்கம் விசாரித்தால் மொத்தமாகவும் தருவார்கள். காலாவதித் தேதியை மட்டும் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். பழைய பெராக்சைடு வெறும் தண்ணீருக்குச் சமம்.

சரி, எப்படி அடிப்பது?

அதற்கு முதல் நாளோ இரண்டு நாள் முன்போ படிவு தங்காத ஷாம்பூவால் நன்றாக அலசிக் காய வையுங்கள். அன்றே தலைக்குக் குளித்துவிட்டு அடிக்காதீர்கள், மண்டைத்தோலில் கொஞ்சம் எண்ணெய்ப்பசை இருந்தால்தான் எரியாது. சடையில் மெழுகு போட்ட பழக்கம் இருந்தால் அதை எடுக்காமல் டை அடிப்பது வீண். மெழுகின் மேல் டை நிற்காது.

கிண்ணம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம். ப்ரஷ்ஷைவிடத் தக்காளி சாஸ் பாட்டில்தான் எனக்குக் கை கொடுத்தது. கூர் மூக்கோடு மலிவாகப் பாத்திரக்கடையில் கிடைக்கும். திரியின் மேல் கோடு போல ஊற்றி, கையுறை போட்ட விரலால் பிசைந்து பிசைந்து ஏற்றுங்கள். மாவு பிசைகிற மாதிரி இல்லை, பஞ்சுத்திரியில் எண்ணெய் ஊற வைக்கிற மாதிரி. பின்மண்டையில் ஆரம்பித்து முன்னுக்கு வாருங்கள். நெற்றி, காது, கழுத்து ஓரமெல்லாம் வாசலினோ தேங்காய் எண்ணெயோ முன்பே தடவியிருக்க வேண்டும். முடித்ததும் பிளாஸ்டிக் கவரால் மூடிவிடுங்கள். ஃபேன் காற்றில் டை காய்ந்துபோனால் அதற்கு மேல் நிறம் ஏறாது.

கலந்த டை மிச்சமானால் மூடி போட்டு எடுத்து வைக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்துகொண்டே இருக்கும், இறுக்கி மூடிய பாட்டில் வெடிக்கவும் கூடும். அப்படியே கொட்டிவிடுங்கள். வாடகை வீடு என்றால் மொசைக் தரையில் முதலில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். அட்வான்ஸ் திரும்ப வரும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

எவ்வளவு நேரம் அலச வேண்டும்?

பிழிந்த தண்ணீர் தெளியும் வரை. சில சமயம் அது எட்டு பக்கெட், சில சமயம் பன்னிரண்டு. மோட்டார் போட்டு டேங்க் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டையைக் கலக்குங்கள். லாரித் தண்ணீர் வரும் வீடு என்றால் லாரி வந்த மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் நுரையோடு பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்பது நல்ல அறிமுகம் இல்லை.

மக்கில் எடுத்து ஊற்றினால் தண்ணீர் சடையின் வெளிப்பக்கமாகவே ஓடிவிடும். பக்கெட்டில் தலையைச் சாய்த்துத் திரிகளை முழுக்க முக்கி, தண்ணீருக்குள்ளேயே அழுத்தி விட்டு, வெளியே எடுத்து மேலிருந்து நுனி வரை பிழியுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி. டை கலந்த தண்ணீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளீச் போட்ட அன்று இன்னும் இரண்டு பக்கெட் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே தங்கிய ப்ளீச் நீங்கள் தூங்கும்போதும் முடியை அரித்துக்கொண்டிருக்கும். வெந்நீர் வேண்டாம், நிறம் இறங்கும். சென்னையில் பச்சைத் தண்ணீரே வெந்நீர்தான் என்கிறீர்களா, அது விடியற்காலையில் இல்லை.

காய எவ்வளவு நேரம் ஆகும்? வாடை வருகிறதே?

என் கேவலமான கதையைச் சொல்கிறேன். ஒரு வருடம் ஐப்பசியில் நுனிக்கு ப்ளீச் போட்டேன், மாலை நான்கு மணிக்கு. அலசி முடிக்க ஆறரை ஆனது. ஏழு மணிக்கு மழை பிடித்தது, எட்டு மணிக்குக் கரண்ட் போனது. ஈரத்தோடு கொண்டை போட்டுத் தூங்கிவிட்டேன். மழை மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு வெளியே பார்த்தார். நனைந்த சாக்கு வாடை. நீர்த்த வினிகரில் ஊற வைத்தேன், வெயிலில் நின்றேன், போகவில்லை. கடைசியில் ஆறு திரிகளின் நுனியை வெட்டிப் பார்த்தால் நடுவில் சாம்பல் பூத்திருந்தது. பூஞ்சை.

ப்ளீச் போட்ட முடி முன்பைவிட அதிகத் தண்ணீரை உறிஞ்சும், மெதுவாகத்தான் விடும். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அதனால் காலை எட்டு மணிக்குள் ஆரம்பியுங்கள். தை, மாசி மாதங்கள் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் டையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கத்திரி வெயிலில் காய்வது என்னவோ சீக்கிரம்தான், ஆனால் வேர்வையும் அதே அளவு ஓடும்.

துவட்டத் தேங்காய்ப்பூத் துண்டு எடுக்காதீர்கள், அதன் பஞ்செல்லாம் சடையில் ஒட்டும். கறுப்புச் சடையில் அது தெரியாது, வெளுத்த சடையில் பொடுகு மாதிரித் தெரியும். ஈரிழைத் துண்டுதான் சரி. இரண்டு மூன்று துண்டு மாற்றி மாற்றி, ஒவ்வொரு திரியாகச் சுற்றிப் பிழியுங்கள். பிறகு டேபிள் ஃபேனுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். அன்று கொண்டை கூடாது, ஹெல்மெட் கூடாது, பகல் தூக்கமும் கூடாது. தடித்த திரி ஒன்றை இரு விரலால் அழுத்திக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை.

எங்கள் ஏரியாவில் போர் தண்ணீர். நிறம் பாதிக்குமா?

பாதிக்கும். கடலோரப் பகுதிகளில் உப்பு, வேறு சில இடங்களில் இரும்பு. பக்கெட்டின் உள்பக்கம் காவி படிகிறது என்றால் உங்கள் சடைக்குள்ளும் படிந்திருக்கிறது. இந்தப் படிவின் மேல் பெராக்சைடு பட்டால் நிறம் சீராக வராது, சில நேரம் சூடும் ஏறும். கடைசி இரண்டு பக்கெட்டாவது மெட்ரோ வாட்டரில் அலசுங்கள். முடியாவிட்டால் ஒரு கேன் தண்ணீர் செலவழிக்கலாம். டை விலையோடு பார்த்தால் பெரிய காசு இல்லை.

டை அடித்த பிறகு எண்ணெய் வைக்கலாமா?

மண்டைத்தோலில் நாலு சொட்டு. நுனி வறண்டால் உள்ளங்கையில் தேய்த்து மேலே தடவலாம். அம்மா வைக்கிற மாதிரி சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் சடைக்கு இல்லை. தூசி ஒட்டி, அழுக்குக் கட்டி, அதன் வாடை தனியாக வரும்.

மழையிலும் வேர்வையிலும் சாயம் இறங்குமா?

நேரடி வண்ண டை இறங்கும். சிவப்பு ரொம்ப மோசம். வெள்ளைச் சட்டை, வெளிர் நிறத் தலையணை உறை இரண்டையும் ஒரு மாதம் மறந்துவிடுங்கள். ஹெல்மெட்டின் உள்துணியில் கறை படும், உள்ளே ஒரு பழைய பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள். நீச்சல் குளத்துக் குளோரினும் கடல் உப்பும் நிறத்தைச் சீக்கிரம் வெளுக்கும். சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் அலைச் சறுக்கும் பையன்களைப் பாருங்கள், டை இல்லாமலே நுனி செம்பட்டையாகியிருக்கும். வெயிலும் கடலும் இலவசமாகச் செய்கிற ப்ளீச் அது.

அடியில் கறுப்பு வளர்ந்தால்?

மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். சடையில் அது அசிங்கமாகத் தெரியாது, எனக்கு அழகாகத்தான் படுகிறது. நரையை மறைக்க அடிப்பவர்கள் மட்டும் அடியை மாத்திரம் தொட்டுக்கொள்ளலாம். முழுத் திரிக்கும் ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டாம், ஏற்கெனவே நிறம் ஏறிய முடி அடிக்க அடிக்க நையும்.

ஒட்டுச் சடைக்கு அடிக்கலாமா?

செயற்கை இழை என்றால் ஹேர் டை பிடிக்கவே பிடிக்காது, அது பிளாஸ்டிக். வேண்டிய நிறத்திலேயே வாங்குங்கள். மனித முடியில் செய்ததானால் தலையில் வைப்பதற்கு முன் தனியாக டை போட்டுக் கொடியில் காயப் போடுங்கள்.

நிறம் பிடிக்கவில்லை. திரும்பக் கறுப்பாக்க முடியுமா?

முடியும். ஆனால் நன்றாக வெளுத்த முடியில் நேரே கறுப்போ பழுப்போ அடித்தால் பச்சை கலந்த சகதி நிறம் வரலாம். முதலில் செம்பு கலந்த பழுப்பு அடித்து, அதன் மேல் கறுப்பு போடுங்கள். போன சிவப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கறுப்பு நிற்கும்.

பாட்டிக்குத் தானாகச் சடை விழுந்திருக்கிறது. நரைத்துவிட்டது. டை அடித்துவிடலாமா?

பாட்டியிடம் கேளுங்கள். தானாக விழுந்த சடையைச் சாமி கொடுத்தது என்று வெட்டாமல், சீவாமல் காப்பவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்கு அது ஸ்டைல் இல்லை. ஜமைக்காவின் ராஸ்தாஃபாரிகளுக்கும் சடை நம்பிக்கையோடு சேர்ந்ததுதான், ட்ரெட்ஸ் உலகம் முழுக்கப் பிரபலமானதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பாட்டியே கேட்டால்கூட அந்த வயதுத் தோலுக்கு டை டெஸ்ட் இல்லாமல் வேண்டாம்.

அம்மா என்ன சொல்வார்கள்?

சடை வைத்த அன்றே எல்லாம் சொல்லி முடித்திருப்பார்கள். என் அம்மா செம்பு நிறத்தைப் பார்த்துவிட்டு, "தேங்காய் நார் மாதிரி இருக்குடா" என்றார். ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு அக்காவுக்குக் கல்யாணம். இந்த ஞாயிறு அடித்துவிடட்டுமா?

வேண்டாம். டெஸ்டுக்கு இரண்டு நாள், ஒரு திரியில் அடித்துப் பார்க்க ஒரு நாள், காய ஒரு நாள் என்று வாரம் ஓடிவிடும். முகூர்த்தத்தன்று மண்டபத்தில் வேர்த்துக் கொட்டும். மாலை போட்டு ஃபோட்டோ எடுக்க அக்கா பக்கத்தில் நிற்கும்போது பட்டுப்புடவைத் தோளில் பர்கண்டி ஒரு சொட்டு விழுந்தால் போதும். கல்யாணம் முடிந்து மறுவீடு போய் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டேங்க் நிறைந்திருக்கும்போது அடியுங்கள்.